உலோகக் கொத்தில் வாயு எப்படி ஒட்டுகிறது: ஒவ்வோர் அணுவாக எண்ணிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒன்பது நியோபியம் அணுக்கள் சேர்ந்த கொத்து ஹைட்ரஜனைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறது. எட்டு சேர்ந்தது கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. பத்து சேர்ந்ததும் அப்படித்தான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலியின் குழு 1985-இல் இதை அளந்து வெளியிட்டது. ஒரே உலோகம், ஒரே வாயு. மாறியது ஓர் அணு மட்டும்.

இந்தத் துறைக்குள் வருபவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதைத்தான். சில பத்து அணுக்களுக்குள் இருக்கும்வரை, கொத்தின் அளவு என்பது சீராக ஏறும் அல்லது இறங்கும் கோடு அல்ல. ஒவ்வோர் எண்ணும் தனி ஆள். 7-க்கும் 9-க்கும் விடை தெரிந்துவிட்டது என்பதற்காக 8-க்கு நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட முடியாது. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, எங்கே ஏமாறுவோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ஆர்பிட்டால் பற்றிப் படித்தது நினைவிருந்தால் போதும். கணினியில் கணக்குப் போடுபவர்களுக்கும், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

படி 1: எந்த ஒட்டுதலைப் பற்றிப் பேசுகிறோம்?

வாயு மூலக்கூறு உலோகத்தில் ஒட்டுவது மூன்று விதமாக நடக்கலாம். முதலாவது, வெறும் வான்டர்வால்ஸ் இழுப்பு. மூலக்கூறு தன் வடிவம் மாறாமல் சும்மா சாய்ந்து நிற்கும். ஆர்கான் போன்ற மந்த வாயுக்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது, உண்மையான வேதிப் பிணைப்பு. மூலக்கூறு முழுசாகவே இருக்கும், ஆனால் அதன் உள்பிணைப்பு நீளும், எலக்ட்ரான் இங்குமங்கும் நகரும். கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் இந்த வகை. மூன்றாவது, மூலக்கூறே உடைந்து அணுக்களாகப் பிரிந்து தனித்தனியாக ஒட்டுவது. ஹைட்ரஜன் பல உலோகங்களில் இப்படிச் செய்யும்.

மூன்றையும் அளக்கும் சூத்திரம் ஒன்றுதான். ஒட்டிய கொத்தின் மொத்த ஆற்றலிலிருந்து வெறும் கொத்தின் ஆற்றலையும், தனியாக மிதக்கும் வாயுவின் ஆற்றலையும் கழிக்க வேண்டும். விடை எதிர்க்குறியில் வந்தால் ஒட்டுதல் ஆற்றலை வெளிவிடுகிறது என்று பொருள். சிலர் குறியை மாற்றி, நேர்க்குறியில் எழுதிப் பிணைப்பு ஆற்றல் என்பார்கள். இரண்டு கட்டுரைகளை ஒப்பிடும்போது முதலில் இந்தக் குறியைப் பாருங்கள். அலகு பெரும்பாலும் எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது மோலுக்குச் சுமார் 96.5 கிலோ ஜூல்.

இந்த எண்ணை உணர்வோடு பிடித்துக்கொள்ள எனக்கு உதவிய கணக்கு ஒன்று உண்டு. ஒட்டிய மூலக்கூறு சுமாராக ஒரு வினாடிக்கு பத்து லட்சம் கோடி முறை, அதாவது 10¹³ முறை, பிணைப்பை இழுத்துப் பார்க்கிறது என்று வையுங்கள். 300 கெல்வினில் பிணைப்பு 0.5 எலக்ட்ரான் வோல்ட் என்றால் அது தங்கும் நேரம் சுமார் 25 மைக்ரோ வினாடி. 0.8 என்றால் ஏறக்குறைய 3 வினாடி. 1.0 என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். 1.5 என்றால் சுமார் 50,000 ஆண்டுகள். ஆற்றலில் மூன்று மடங்கு, ஆனால் காலத்தில் மைக்ரோ வினாடியிலிருந்து யுகத்துக்கு. கணக்கில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் பிழை வந்தால் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்பது இப்போது புரியும்.

படி 2: எலக்ட்ரான்களை எண்ணுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்பே காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. சோடியம் ஓர் அணுவுக்கு ஒரு இணைதிறன் எலக்ட்ரான் தரும். தங்கத்தையும் முதல் தோராயமாக அணுவுக்கு ஒன்று என்று எண்ணலாம். அலுமினியம் மூன்று தரும். கொத்துக்கு எதிர்மின் சுமை இருந்தால் ஒன்று கூட்டுங்கள், நேர்மின் சுமை இருந்தால் ஒன்று கழியுங்கள்.

ஏன் எண்ண வேண்டும்? 1984-இல் வால்டர் நைட் தலைமையிலான பெர்க்லி குழு சோடியம் கொத்துகளின் நிறை நிறமாலையில் (எந்த எடையில் எத்தனை கொத்துகள் என்று காட்டும் வரைபடம்) 8, 20, 40, 58, 92 ஆகிய எண்களில் உயரமான சிகரங்களைக் கண்டது. அணுவில் உள்ள கூடுகளைப் போலவே, கொத்து முழுவதற்கும் சேர்த்து எலக்ட்ரான் கூடுகள் இருக்கின்றன. அவை நிரம்பும் எண்கள் இவை. கூடு நிரம்பிய கொத்து, மந்த வாயுவைப் போல மற்றவர்களோடு சேர விரும்பாது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று அலுமினியத்தில் இருக்கிறது. 1989-இல் கேசில்மன் குழு எதிர்மின் அலுமினியக் கொத்துகளை ஆக்சிஜனோடு கலந்தது. ஆக்சிஜன் ஒவ்வொன்றாக அரித்துத் தின்றுகொண்டே போனது. ஆனால் 13, 23, 37 அணுக்கள் கொண்டவை தப்பி நின்றன. பதின்மூன்றை எண்ணிப் பாருங்கள்: 13 × 3 = 39, எதிர்மின் சுமைக்கு ஒன்று, ஆக 40. நைட் கண்ட அதே நாற்பது! 23-க்கு 70, 37-க்கு 112. இவையும் கூடு நிரம்பும் எண்களே. ஆக்சிஜன் போன்ற ஆவேசமான வாயுவையே ஓர் எலக்ட்ரான் கணக்கு தடுத்து நிறுத்துகிறது.

அடுத்து ஒற்றை, இரட்டை. எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் எல்லாம் ஜோடி சேர்ந்திருக்கலாம். ஒற்றைப்படை என்றால் ஒன்று கட்டாயம் தனித்து நிற்கும். எதிர்மின் தங்கக் கொத்துகளில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. அணு எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது, எதிர்மின் சுமையைச் சேர்த்தால் எலக்ட்ரான் ஒற்றைப்படை ஆகிறது; அந்தக் கொத்துகள் ஆக்சிஜன் மூலக்கூறை ஒட்டவைத்துக்கொள்கின்றன. அணு எண்ணிக்கை ஒற்றைப்படையான கொத்துகள் அதைச் சீண்டுவதே இல்லை. தனித்து நிற்கும் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுப்பது எளிது, அவ்வளவுதான் காரணம். இதற்கு 16 அணுக் கொத்து ஒரு விதிவிலக்கு. இரட்டைப்படையாக இருந்தும் ஆக்சிஜனை ஏற்பதில்லை, ஏனென்றால் அதன் எலக்ட்ரான் நாட்டம் அந்த வரிசையில் வழக்கத்துக்கு மாறாக அதிகம். தன் எலக்ட்ரானை இறுகப் பிடித்திருப்பவர் பிறருக்கு எப்படிக் கொடுப்பார்?

படி 3: கொத்தின் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் மிகக் கடினமான படி. நேரத்தில் பாதி இங்கே போகும், போகட்டும்.

பெரிய உலோகத் துண்டிலிருந்து எட்டு அணுக்களை வெட்டி எடுத்து அதுதான் கொத்து என்று வைத்தால், கிடைக்கும் விடைக்கும் உண்மைக்கும் சம்பந்தம் இருக்காது. சிறு கொத்துகள் படிக அமைப்பை மதிப்பதில்லை. தங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்மின் தங்கக் கொத்துகள் சுமார் 12 அணு வரை காகிதம் போலத் தட்டையாக இருக்கின்றன. நேர்மின் கொத்துகள் 7 வரை தட்டை, அதன் பிறகு முப்பரிமாணம். 16 முதல் 18 வரையிலான எதிர்மின் கொத்துகள் உள்ளே வெற்றிடம் கொண்ட கூண்டுகள். 20-இல் அழகான நான்முகி வருகிறது. 2003-இல் லாய்-ஷெங் வாங் குழு அதன் நிரம்பிய கடைசி ஆர்பிட்டாலுக்கும் காலியான முதல் ஆர்பிட்டாலுக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளியை 1.77 எலக்ட்ரான் வோல்ட் என்று அளந்தது. அதாவது தட்டை, கூண்டு, கோபுரம் என மூன்று வகை வடிவங்களும் இருபது அணுக்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

தங்கம் ஏன் இப்படித் தட்டையாக நிற்கிறது? அணுக்கரு கனமானது, உள் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தின் கணிசமான பகுதியில் ஓடுகின்றன, சார்பியல் விளைவால் 6எஸ் ஆர்பிட்டால் சுருங்கி 5டி-க்கு நெருங்குகிறது. இரண்டும் கலந்து தட்டையான பிணைப்புகளை விரும்பும் ஆர்பிட்டால்களைத் தருகின்றன. ஆகவே தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் சார்பியல் திருத்தம் இல்லாத கணக்கு எதற்கும் உதவாது.

செயல்முறையில் என்ன செய்வது? கையால் வரைந்த இரண்டு மூன்று வடிவங்களோடு நிற்காதீர்கள். பேசின் ஹாப்பிங், மரபுவழி அல்காரிதம் போன்ற தேடல் முறைகள் ஆயிரக்கணக்கான தொடக்க வடிவங்களைத் தாமாகவே முயன்று பார்க்கும். கிடைத்தவற்றில் மிகத் தாழ்ந்த ஆற்றல் கொண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிடவும் கூடாது. அதற்கு 0.2 அல்லது 0.3 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கும் மாற்றியங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாயு வந்து ஒட்டியதும் தரவரிசை தலைகீழாக மாறலாம். வெறும் கொத்தாக இரண்டாம் இடத்தில் இருந்தது, ஒட்டிய பிறகு முதலிடத்துக்கு வரும். வாயு ஒட்டும்போது கொத்தே உருமாறுவதும் சாதாரணம். அதனால் உலோக அணுக்களை உறைய வைத்துவிட்டு வாயுவை மட்டும் நகரவிடும் குறுக்குவழி சிறு கொத்துக்குப் பொருந்தாது.

படி 4: வாயுவின் பக்கம் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு வாயுவுக்கும் ஒட்டும் விதம் வேறு.

கார்பன் மோனாக்சைடு கார்பன் முனையால் ஒட்டும். 1964-இல் பிளைஹோல்டர் சொன்ன படம் இன்றும் முதல் புரிதலுக்குப் போதுமானது. கார்பனில் இருக்கும் தனி இரட்டை எலக்ட்ரான்கள் உலோகத்தின் காலி ஆர்பிட்டாலுக்குள் போகின்றன. இது சிக்மா கொடை. பதிலுக்கு உலோகத்தின் நிரம்பிய டி-எலக்ட்ரான்கள் மூலக்கூறின் காலியான பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் வருகின்றன, இது பின்கொடை. எதிர்ப்பிணைப்பில் எலக்ட்ரான் புகுந்தால் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளரும், நீளும், அதிரும் வேகம் குறையும். தனி மூலக்கூறில் பிணைப்பு நீளம் 1.128 ஆங்ஸ்ட்ராம், அதிர்வெண் 2143 செ.மீ⁻¹. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடைப் போலவே 14 எலக்ட்ரான் கொண்டது. ஆனால் கொடுக்கவும் தயங்கும், வாங்கவும் தயங்கும். ஆகவே ஒட்டுதல் பலவீனம்.

ஆக்சிஜன் வேறு ரகம். அது எலக்ட்ரானை வாங்க வரும் மூலக்கூறு. ஒரு எலக்ட்ரான் கிடைத்தால் சூப்பராக்சைடு, பிணைப்பு 1.21-லிருந்து சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராமுக்கு நீளும். இரண்டு கிடைத்தால் பெராக்சைடு, சுமார் 1.49. கணக்கு முடிந்ததும் இந்த நீளத்தை அளந்து பார்த்தாலே எத்தனை எலக்ட்ரான் மாறியது என்று ஊகிக்கலாம். இன்னொன்று: ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் ஒரே திசையில் சுழல்கின்றன (இந்தச் சுழற்சிதான் ஸ்பின்). இது பெரிய விஷயம், அடுத்த படிகளில் வருகிறேன்.

ஹைட்ரஜனிடம் கொடுக்கத் தனி இரட்டையும் இல்லை, வாங்கப் பை ஆர்பிட்டாலும் இல்லை. தன் ஒரே பிணைப்பையே நீட்டும். பக்கவாட்டில் படுத்து, பிணைப்பு எலக்ட்ரான்களை உலோகத்துக்குக் கொடுத்து, உலோகத்திடமிருந்து எதிர்ப்பிணைப்பில் வாங்கும். வாங்குவது அதிகமானால் பிணைப்பு அறுந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஆகிவிடும். உடையாமல் பக்கவாட்டில் படுத்திருக்கும் ஹைட்ரஜனை ஒரு டங்ஸ்டன் சேர்மத்தில் 1984-இல் கூபாஸ் காட்டினார்.

படி 5: எந்த இடத்தில் ஒட்டும்?

ஒரே கொத்தில் பல இடங்கள். ஓர் அணுவின் தலைமேல், இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலம் போல, மூன்று அணுக்களின் குழியில். முனையில் இருக்கும் அணுவும், விளிம்பில் இருப்பதும், முகத்தின் நடுவில் இருப்பதும் சமமல்ல. எளிய விதி: அண்டை அணுக்கள் குறைவாக உள்ள அணு, வாயுவை இறுகப் பிடிக்கும். உறவினர் குறைந்தவர் புதியவரை வரவேற்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் காரணத்தை ஹாமரும் நார்ஸ்கோவும் 1995-இல் டி-பட்டைக் கருத்தாக விளக்கினார்கள். டி-பட்டை என்பது உலோகத்தின் டி-எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் ஆற்றல் வரம்பு. அண்டை குறைந்தால் டி-பட்டை ஒடுங்கி மேலே ஏறும், மேலே ஏறினால் வாயுவோடு உண்டாகும் எதிர்ப்பிணைப்பு நிலைகள் காலியாகும், பிணைப்பு வலுக்கும்.

சிறு கொத்தில் கிட்டத்தட்ட எல்லா அணுவுமே வெளியில்தான். இருபதுமுகி அடுக்குகளில் 13 அணுக் கொத்தில் 12 வெளியே, 55-இல் 42, 147-இல் 92, 309-இல் 162. சதவீதத்தில் 92, 76, 63, 52. அதனால்தான் அளவு கூடக் கூட வெளியணுக்களின் பங்கு குறைகிறது, வெளியில் இருப்பவற்றிலும் முனைகள் குறைந்து தட்டை முகங்கள் கூடுகின்றன.

ஆனால் அண்டை எண்ணிக்கை மட்டும் போதாது. 2009-இல் கேசில்மனும் கன்னாவும் சேர்ந்த குழு, அலுமினியக் கொத்துகள் நீர் மூலக்கூறோடு வினைபுரிவதை ஆராய்ந்தது. 16, 17, 18 அணு கொண்ட எதிர்மின் கொத்துகள் நீரிலிருந்து ஹைட்ரஜனை விடுவித்தன. காரணம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அணுக்கள்: ஒன்று எலக்ட்ரானை வாங்கும் இடம், அடுத்தது கொடுக்கும் இடம். ஜோடியாக வேலை செய்யும் இடங்கள். எந்த அணுவுக்கும் அலுமினியம் என்றுதான் பெயர், ஆனால் கொத்துக்குள் ஒவ்வொன்றின் குணமும் வேறு.

ஆகவே நடைமுறையில், கொத்தின் சமச்சீரைப் பயன்படுத்தி வேறுபட்ட எல்லா இடங்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிலும் வாயுவை நின்றவாறு, படுத்தவாறு, தலைகீழாக வைத்து ஓட்டுங்கள். பாதி ஓட்டங்கள் ஒரே இடத்தில் வந்து முடியும். பரவாயில்லை.

படி 6: கணக்கைப் போடுங்கள்

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது டிஎஃப்டி என்று சுருக்கமாகச் சொல்லும் எலக்ட்ரான் அடர்த்திக் கோட்பாடு. அடித்தளம் 1964, 1965 ஆண்டுகளில் போடப்பட்டது. வால்டர் கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கோட்பாடு துல்லியமானது, ஆனால் அதற்குள் வைக்கும் ஃபங்ஷனல், அதாவது அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் சூத்திரம், தோராயமானது. அங்கேதான் கவனம் வேண்டும்.

ஃபங்ஷனல் எங்கே ஏமாற்றும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. பிளாட்டினத்தின் தட்டைப் பரப்பில் கார்பன் மோனாக்சைடு அணுவின் தலைமேல் உட்காரும் என்று சோதனைகள் சந்தேகமின்றிச் சொல்கின்றன. வழக்கமான ஃபங்ஷனல்களோ குழிதான் சிறந்தது என்றன. 2001-இல் இது ஒரு புதிராகவே கட்டுரையானது. காரணம், அவை மூலக்கூறின் காலி பை ஆர்பிட்டாலை மிகவும் தாழ்த்தி வைக்கின்றன, பின்கொடை மிகைப்படுகிறது. கொத்துகளிலும் இந்த நோய் உண்டு. ஆகவே ஒரே ஃபங்ஷனலின் விடையை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். குறைந்தது இன்னொன்றால் சோதியுங்கள்.

ஆக்சிஜனில் இன்னொரு பொறி. பிபிஇ என்ற பரவலான ஃபங்ஷனல் ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பை ஏறக்குறைய 1 எலக்ட்ரான் வோல்ட் மிகையாகக் காட்டும். ஆக்சிஜன் உடைந்து ஒட்டும் கணக்கில் இந்தப் பிழை நேராக உள்ளே வரும்.

மூன்றாவது, வான்டர்வால்ஸ் திருத்தம். தங்கத்தில் நைட்ரஜன் போல ஒட்டுதலே மெலிதாக இருக்கும் இடங்களில் அதைச் சேர்க்காவிட்டால் இருக்கும் பிணைப்பே காணாமல் போகும். நான்காவது, அணு மைய பேசிஸ் செட் (ஆர்பிட்டால்களை வரைய ஒவ்வோர் அணுவிலும் வைக்கும் சார்புகளின் தொகுப்பு) பயன்படுத்தினால் கொத்தும் வாயுவும் ஒன்றின் பேசிஸை மற்றொன்று கடன் வாங்கிப் பிணைப்பு வலுவாகத் தோன்றும். பாய்ஸும் பெர்னார்டியும் 1970-இல் தந்த திருத்தத்தைப் போடுங்கள். கொத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியையே எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப அடுக்கும் தள அலை முறையில் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மின்சுமை கொண்ட கொத்துக்குப் பெட்டி பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பிம்பங்கள் தொல்லை தரும்.

படி 7: ஸ்பின்னைத் தனியாகக் கவனியுங்கள்

இதற்குத் தனிப் படி ஏன் என்றால், புதியவர்களின் பிழைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுக்கும் ஸ்பின் நிலையை நம்பி விட்டுவிடுகிறார்கள். கணக்கு ஒழுங்காக முடியும், எச்சரிக்கை எதுவும் வராது, எண் மட்டும் தவறாக இருக்கும்.

இரும்பு, கோபால்ட், நிக்கல் கொத்துகள் காந்தத் தன்மை கொண்டவை. ஒவ்வொரு கொத்துக்கும் சாத்தியமான பல ஸ்பின் நிலைகளைத் தனித்தனியாக ஓட்டி, எது தாழ்ந்தது என்று பாருங்கள். வாயு ஒட்டியதும் காந்தத் திருப்புத்திறன் மாறலாம், அதனால் ஒட்டிய நிலைக்கும் மறுபடி அதே தேடல்.

ஸ்பின் வெறும் கணக்கு விவரம் இல்லை என்பதை அலுமினியம் மறுபடியும் காட்டுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறின் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் நினைவிருக்கிறதா? எதிர்மின் அலுமினியக் கொத்தில் அணு எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் எலக்ட்ரான் இரட்டைப்படை, எல்லாம் ஜோடி. அது ஆக்சிஜனோடு சேர வேண்டுமென்றால் ஒரு ஸ்பின் திரும்ப வேண்டும். அதற்குத் தடை உண்டு, வினை மெதுவாகிறது. அணு எண்ணிக்கை இரட்டைப்படையான கொத்துகளுக்கு அந்தத் தடை இல்லை, வேகமாக வினைபுரிகின்றன. 2008-இல் வெளியான ஆய்வு இந்த ஏறி இறங்கும் வரிசையை ஸ்பின் காப்பால் விளக்கியது. ஆற்றல் சாதகமாக இருந்தும் ஒட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 8: மின்சுமையை மாற்றிப் பாருங்கள்

ஒரே கொத்தை நேர்மின், நடுநிலை, எதிர்மின் என மூன்று நிலையிலும் ஓட்டினால் பிணைப்பு எப்படிப்பட்டது என்று சட்டெனத் தெரியும். தங்கத்தில் கார்பன் மோனாக்சைடு முக்கியமாகக் கொடை மூலமே ஒட்டுகிறது, பின்கொடை குறைவு. அதனால் நேர்மின் கொத்து அதை இறுகப் பிடிக்கும், எதிர்மின் கொத்து தளர்வாகப் பிடிக்கும். ஆக்சிஜனுக்கு நேர் எதிர். ஒரே தங்கம், இரண்டு வாயுக்களுக்கு இரண்டு முகம்.

அதிர்வெண்ணிலும் இது எதிரொலிக்கும். எதிர்மின் கொத்தில் பின்கொடை கூடி அதிர்வெண் இறங்கும்; நேர்மின் கொத்தில் ஏறும், நேர்மின் தங்கத்தில் 2143-ஐத் தாண்டியும் போகலாம். கொத்து பெரிதாகும்போது அந்த ஒற்றைச் சுமை எல்லா அணுக்களிலும் பரவி நீர்த்துப்போகிறது. மூன்று நிலைகளின் அதிர்வெண்களும் நெருங்கி வந்து சேர்கின்றன. நெதர்லாந்தின் ஃபெலிக்ஸ் அகச்சிவப்பு லேசரில் இத்தகைய அளவீடுகள் பல உலோகங்களுக்குச் செய்யப்பட்டிருக்கின்றன.

கொத்து ஒரு ஆக்சைடின் மேல் உட்கார்ந்திருந்தால், சுமையைத் தருவது அந்த அடித்தளம். 1999-இல் ஹைஸ், லாண்ட்மன் குழுக்கள் மக்னீசியம் ஆக்சைடின் மேல் தங்கக் கொத்துகளை வைத்துப் பார்த்தபோது, கார்பன் மோனாக்சைடை எரிக்கும் மிகச் சிறிய கொத்து எட்டு அணு கொண்டது என்று கண்டன. ஆக்சைடில் ஆக்சிஜன் விடுபட்ட குழி ஒன்று எலக்ட்ரானைத் தங்கத்துக்குத் தள்ளுகிறது, தங்கம் அதை ஆக்சிஜனுக்குத் தருகிறது. தங்கம் எதோடும் சேராது என்ற நம்பிக்கையை அதற்கு முன்பே மசடாகே ஹருதா உடைத்திருந்தார்: 1987-இல் ஆக்சைடு மேல் பரவிய நுண் தங்கம் மைனஸ் 70 டிகிரி செல்சியஸிலேயே கார்பன் மோனாக்சைடை எரிப்பதைக் காட்டினார்.

படி 9: ஆற்றலிலிருந்து உண்மை வெப்பநிலைக்கு

கணினி தரும் எண் பூச்சியம் கெல்வினுக்கு உரியது. ஆய்வகத்தில் வாயு சுதந்திரமாகப் பறக்கிறது. ஒட்டினால் அந்தச் சுதந்திரம் போய்விடும். அதற்கு விலை உண்டு. 298 கெல்வினில், 1 பார் அழுத்தத்தில், கார்பன் மோனாக்சைடின் என்ட்ரோபி மோலுக்கு 197.7 ஜூல்/கெல்வின். வெப்பநிலையால் பெருக்கினால் சுமார் 59 கிலோ ஜூல், அதாவது 0.61 எலக்ட்ரான் வோல்ட். ஆக்சிஜனுக்கு 0.63, ஹைட்ரஜனுக்கு 0.40. ஒட்டிய நிலையின் புது அதிர்வுகளால் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனாலும் முதல் மதிப்பீட்டுக்கு இதைப் பயன்படுத்தலாம்.

அதாவது மைனஸ் 0.8 என்று வந்த ஒட்டுதல் அறை வெப்பநிலையில் சுமார் மைனஸ் 0.2 தான். மைனஸ் 0.5 என்று வந்தது அந்த அழுத்தத்தில் நிற்காது. ஹைட்ரஜனுக்குப் பூச்சிய நிலை ஆற்றலும் (பூச்சியம் கெல்வினிலும் நிற்காத அதிர்வின் ஆற்றல்) சேர்க்க வேண்டும்; தனி மூலக்கூறில் அதுவே 0.27 எலக்ட்ரான் வோல்ட்.

படி 10: சோதனையோடு ஒப்பிடுங்கள்

லேசர் ஓர் உலோகத் தண்டை அடித்து ஆவியாக்கும், ஹீலியம் அதைக் குளிரவைத்துக் கொத்தாக்கும், வழியில் வாயு கலக்கும், கடைசியில் நிறை நிறமாலைமானி எடை பார்க்கும். எட்டு தங்க அணுக்கள் 8 × 197, சுமார் 1576 அணு நிறை அலகு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒட்டினால் 1608-இல் புதுச் சிகரம். தங்கத்துக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்பு என்பதால் சிகரம் ஒற்றையாக, சுத்தமாக நிற்கும். அலுமினியம், கோபால்ட், நியோபியம், ரோடியமும் அப்படியே. இந்தத் துறையின் ஆரம்ப காலக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு வசதி. பிளாட்டினத்தில் ஆறு ஐசோடோப்புகள் கலந்து சிகரம் அகன்றுவிடும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. சிகரம் வரவில்லை என்றால் பிணைப்பு இல்லை என்று பொருளல்ல. வாயு ஒட்டும்போது வெளிவரும் ஆற்றல் கொத்துக்குள்ளேயே அதிர்வாகத் தங்குகிறது. அதைப் பகிர்ந்துகொள்ள இடம் வேண்டும். இரண்டு தங்க அணுவும் ஒரு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால் நான்கு அணுக்கள், ஆறே அதிர்வுகள். இருபது தங்க அணுவோடு சேர்ந்தால் இருபத்திரண்டு அணுக்கள், அறுபது அதிர்வுகள். ஆறில் அடைபட்ட ஆற்றல் சீக்கிரமே பிணைப்பை உடைத்து வாயுவைத் துப்பிவிடும். அதற்குள் ஒரு ஹீலியம் அணு மோதிச் சூட்டை எடுத்துக்கொண்டு போனால்தான் ஒட்டியது நிலைக்கும். ஆகவே மிகச் சிறு கொத்துகள் சோதனையில் சோம்பேறியாகத் தோன்றினால், காரணம் பிணைப்பின் பலவீனமா, குளிர அவகாசம் கிடைக்காததா என்று பிரித்துப் பாருங்கள். ஹீலியத்தின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது நேரடியான சோதனை.

இடத்தை உறுதிசெய்ய அகச்சிவப்பு நிறமாலை வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஓர் அணுவின் தலைமேல் இருந்தால் பெரும்பாலும் 2000-க்கும் 2100-க்கும் இடையில், பாலத்தில் 1800-க்கும் 1900-க்கும் இடையில், குழியில் அதற்கும் கீழே. கணக்கில் வந்த அதிர்வெண்ணை நேராக ஒப்பிடாமல், அதே முறையில் தனி மூலக்கூறுக்கு வந்த எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடுங்கள். முறையின் பிழை பெரும்பகுதி கழிந்துபோகும்.

எந்த அளவில் இந்தத் தனித்தனி குணம் முடிகிறது?

தங்கத்துக்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. 13 முதல் 1415 அணு வரையிலான கொத்துகளில் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் ஒட்டவைத்து, அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் மீக்கணினியில் 2011-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. சுமார் 560 அணுவுக்கு மேல், அதாவது 2.7 நானோ மீட்டருக்கு மேல், ஒட்டுதல் திட உலோகப் பரப்பைப் போல ஆகிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளூர் வடிவம் முக்கியம். மிகச் சிறியவற்றில் அதோடு எலக்ட்ரான் கூடுகளின் விளைவும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே முதன்முறை இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: எதிர்மின் தங்கக் கொத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள், 2 முதல் 8 வரை, வாயு ஆக்சிஜன். முதலில் காகிதத்தில் எலக்ட்ரான் எண்ணி, எது ஒட்டும் எது ஒட்டாது என்று எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் கணக்கைப் போடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒட்டுதல் ஆற்றலைக் குறித்து, ஆக்சிஜனின் பிணைப்பு நீளத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரட்டைப்படைகளில் நீளம் 1.33-ஐ நோக்கிப் போயிருக்கிறதா, ஒற்றைப்படைகளில் 1.21 பக்கத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஓர் எண் வரிசை தவறினால், வேறெதையும் தொடும் முன் அந்தக் கொத்தின் ஸ்பின் நிலையைத் திறந்து பாருங்கள்.